கண்ணாடிக் கதவும் எழுத்துப் பஞ்சும்

கேமிங் கம்ப்யூட்டர் கட்டிக் கொடுக்கும் தொழிலில் புராசசர் விற்பது சுலபம், ராம் விற்பது அதைவிடச் சுலபம், கேபினட் விற்பதுதான் ஆளைக் கொல்லும். மற்றதெல்லாம் உள்ளே போய்விடும், யாரும் பார்ப்பதில்லை. கேபினட் மட்டும் வீட்டு ஹாலில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி நிற்கும் பெட்டி. அதனால் எல்லாருக்கும் அதைப் பற்றி ஒரு அபிப்பிராயம் உண்டு, அதன்மேல் ஒரு சந்தேகமும் உண்டு. காற்று நன்றாகப் போய்வர வேண்டும், பார்க்கவும் லட்சணமாக இருக்க வேண்டும் என்று தேடிக்கொண்டு ராசிபுரத்தில் என் மாடிக் கடைக்கு ஏறி வருகிறவர்கள், முதல் படியிலேயே என்னைத் திருடன் என்று முடிவு செய்துவிட்டுத்தான் இரண்டாவது படியில் கால் வைக்கிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் யாரையும் நம்புகிறவன் இல்லை. என் கடையை விட்டு ஒரு பொருள் வெளியே போனால் அதன் சீரியல் நம்பரை ஒரு நீள நோட்டில் எழுதிவைத்துக்கொண்டுதான் அனுப்புவேன். திரையில் படம் காட்டும் நல்ல கிராபிக்ஸ் கார்டை வாங்கிக்கொண்டு போய், வீட்டில் கிடந்த செத்த கார்டைக் கொண்டுவந்து, நீங்கள் கொடுத்தது இதுதான் என்று சாதித்தவர்களை எனக்குத் தெரியும். கடை வைத்திருப்பவர்களும் வீட்டிலேயே கட்டிப் பார்த்து ஏச்சு வாங்கியவர்களும் இந்த இடத்தில் தலையாட்டுவீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

காற்று எதற்கு வருகிறது?

வெண்ணந்தூர்க் கந்தசாமி அண்ணனை முதலில் சொல்லிவிடுகிறேன். இதில் பாதிக்கு மேல் அவர்தான் வருவார். சொந்தமாக ஒரே ஒரு லாரி, ஓட்டுவதும் அவரே. வருஷத்தில் பத்து மாதம் நாக்பூர், ராய்ப்பூர் பக்கம் ரோட்டில் கிடப்பார். டீசல் டேங்குக்கு இரண்டு பூட்டு போட்டிருக்கிற மனுஷர். அவர் மகள் நித்யா, ஒரு பெட்ஷீட் கம்பெனிக்கு வீட்டில் இருந்தபடியே டிசைன் வரைந்து கொடுக்கிறாள். டிசைனுக்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று சொல்லித்தான் அப்பாவைக் கூட்டி வந்திருந்தாள். கேம் விளையாடவும் வேண்டும் என்பதை, அவர் போன் பேச வெளியே போன நேரத்தில் என்னிடம் தனியாகச் சொன்னாள். கேம் என்றால் பெரிய கிராபிக்ஸ் கார்டு, பெரிய கார்டு என்றால் பெரிய சூடு, ஆகவே காற்றோட்டமான கேபினட்.

முன்பக்கம் முழுக்க வலையாக இருக்கும் ஒன்றை எடுத்து வைத்தேன். கந்தசாமி அண்ணன் அதைத் தடவினார், தட்டினார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டை வழியாகப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மூடின பெட்டி இதைவிட விலை குறைவு என்று தெரிந்ததும் முகம் மாறியது. தகடு நிறைய இருக்கிற பெட்டிக்கு விலை கம்மி, தகட்டையெல்லாம் குத்தி எடுத்துவிட்ட பெட்டிக்கு விலை ஜாஸ்தி, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். லாரிக்கு முன்னால் கிரில் இல்லையா, அதன் வழியாகத்தானே ரேடியேட்டருக்குக் காற்று போகிறது, இதுவும் அப்படித்தான் என்றேன். லாரி என்றதும் கொஞ்சம் இறங்கி வந்தார், ஆனால் விட்டுவிடவில்லை.

"லாரி ஓடுதுங்க தம்பி, காத்து தானா வந்து மோதுது. இது ஊட்டு மூலையில நிக்கற பொட்டி. காத்து எதுக்குங்க இதத் தேடிக்கிட்டு வருது?"

என்ன ருசு?

வலை வைத்த கேபினட் என்றால் எனக்கு இன்னொருவர் ஞாபகமும் வரும். குமாரபாளையத்துக்காரர், விசைத்தறி வைத்திருக்கிறார், நாற்பது வயது. நூல் வராத நாட்களில் கார் ரேஸ் ஆடுவதற்காக ஒரு கம்ப்யூட்டர் கட்டிக்கொண்டு போனார். எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டதற்கு ஊட்டில்தான் என்றார். தறிக்கூடமும் வீடும் ஒன்றுதான் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, பாதி ரேஸில் அணைந்துபோகிறது, பழைய சாமான் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முன்பக்க வலை கண்ணுக்கே தெரியவில்லை. வெள்ளையாகப் பஞ்சு படிந்து கம்பளி போர்த்தின மாதிரி இருந்தது. உள்ளே இருக்கும் தூசி வடிகட்டியைப் பிடித்து இழுத்தேன், பஞ்சு ஒரே துண்டாக உரிந்து வந்தது. வாரம் ஒருமுறை இதைக் கழற்றி உதற வேண்டும், தறிக்கூடம் என்றால் இரண்டு நாளைக்கு ஒருமுறை உதற வேண்டும், கார்டில் ஒரு கோளாறும் இல்லை என்று பொறுமையாகச் சொன்னேன். அவர் அந்தப் பஞ்சைக் கையில் வாங்கி, விரலால் திரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேடிக்கைக்குக் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை.

"பஞ்சு எல்லாத் தறியிலயும்தான் பறக்குதுங்க. இது என்ற தறிப் பஞ்சுதான்னு என்ன ருசு?"

இரண்டு பேருக்கும் கண்ணாடி

கந்தசாமி அண்ணனுக்குக் காற்று வருகிறது என்பதை நிரூபிக்க, அந்தக் கேபினட்டின் மூன்று மின்விசிறிகளையும் ஓடவிட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஏதோ ஒரு டோல்கேட் சீட்டை எடுத்து வலைக்கு முன்னால் பிடித்தார். சீட்டு போய் வலையில் ஒட்டிக்கொண்டது. பின்பக்கம் கையை வைத்தார், காற்று வெளியே வந்தது. அந்த விஷயம் அத்தோடு தீர்ந்தது. அடுத்தது பக்கவாட்டுக் கதவு. ஒரே கேபினட்டில் இரும்புத் தகடு போட்டதும் உண்டு, கண்ணாடி போட்டதும் உண்டு. நித்யா கண்ணாடி வேண்டும் என்றாள். மின்விசிறியில் கலர் கலராக விளக்கு எரியும், அது வெளியே தெரிய வேண்டும் என்பது அவள் ஆசை. பெட்ஷீட் டிசைன் வரைய எதற்கு ரெக்கார்டு டான்ஸ் விளக்கு என்று அவர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், நான் சீலிங்கைப் பார்த்தேன்.

கண்ணாடிக்கு அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார் என்று நான் தகட்டுக் கதவை எடுக்க எழுந்துவிட்டேன். அவரோ கண்ணாடிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே இருக்கிற எல்லாச் சாமானும் வெளியிலிருந்தே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். கதவைத் திறக்காமலே தெரியுமா என்றார். திறக்காமலே தெரியும் என்றேன். ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போன இடைவெளியில் ஒருதரம் அவருடைய புது பேட்டரி பழையதாக மாறியிருந்ததாம். அந்தக் கதையை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொன்னார். மகளுக்கு விளக்குக்காகக் கண்ணாடி, அப்பாவுக்குக் காவலுக்காகக் கண்ணாடி. என் தொழிலில் இவ்வளவு சுலபமாக ஒரு குடும்பம் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

"கண்ணாடியே இருக்கட்டுங்க. உள்ள இருக்கறது அப்பிடியே இருக்குதான்னு வந்தப்பெல்லாம் ஒருதாட்டி பாத்துக்குவேன்."

மிச்சம்

கட்டுகிற அன்றைக்கு அவர் என் மேஜைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. டீ சொல்லலாமா என்றேன், பேட்டரி கதை ஞாபகம் வந்ததோ என்னவோ, வேண்டாம் என்றுவிட்டார். எல்லாம் முடிந்து விளக்கு எரிந்து, நித்யா வாயெல்லாம் பல்லாக நின்றபோது, மேஜைமேல் ஒரு கைப்பிடி ஸ்க்ரூ மிச்சம் இருந்தது. கேபினட்டோடு எப்போதும் கூடுதலாகத்தான் கொடுப்பார்கள். பெரிய போர்டு, சின்ன போர்டு, பழைய வகை டிஸ்க், புது வகை டிஸ்க் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். இது நமக்குத் தெரியும். லாரிக்காரருக்குத் தெரியாது. அவர் உலகத்தில் போல்ட் மிச்சமானால் எங்கேயோ ஒரு சக்கரம் கழலப்போகிறது என்று அர்த்தம்.

மறுபடி பிரித்துக் காட்டச் சொன்னார். ஒவ்வொரு துளையாகக் காட்டினேன். எந்தத் துளையும் காலி இல்லை என்று அவரே விரலை வைத்துப் பார்த்தார். கடைசியில் நான் செய்தது சரி என்பதை ஒத்துக்கொண்டார். ஆனால் என்னை நம்பிவிட்டார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

"மிச்ச போல்ட்டயெல்லாம் ஒரு கவர்ல போட்டுக் குடுத்துருங்க. நாளைக்கு வண்டி நின்னுபோச்சுன்னா எதக் காணோம்னு தேடிப் பாக்கலாம்."

வி.கே.

மூன்று மாதம் கழித்துப் பங்குனி வெயிலில் நித்யா தூசி தட்ட பெட்டியைக் கொண்டுவந்தாள். அப்பா லோடு ஏற்றிக்கொண்டு ராய்ப்பூர் போயிருந்தார். கண்ணாடிக் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கிராபிக்ஸ் கார்டின் முதுகுத் தகட்டில் பெரிய எழுத்தில் வி.கே. என்று ஆங்கிலத்தில் பள்ளமாகப் பதிந்திருந்தது. வெண்ணந்தூர் கந்தசாமி. லாரித் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. டயரில் காய்ச்சிய இரும்பால் பெயர் சுடுவார்கள். ஜாக்கி, ஸ்பானர் எல்லாவற்றிலும் எழுத்துப் பஞ்சை, அதாவது நுனியில் எழுத்து வெட்டிய இரும்புக் குச்சியை, வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போடுவார்கள். ஒர்க்‌ஷாப்காரன் மாற்ற முடியாதல்லவா? அதே பஞ்சு, அதே சுத்தியல், இதற்கும். லாரி ஜாக்கி தாங்கும். இது மெல்லிசுத் தகடு, அதற்கு அடியிலேயே மயிரிழை கனத்தில் பற்றவைத்த சர்க்யூட் போர்டு.

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதனால் நான் எதுவும் சொல்லவில்லை. தூசியை ஊதிச் சுத்தம் செய்தேன். ஆனாலும் நோட்டை எடுத்து, அந்தக் கார்டின் சீரியல் நம்பருக்குப் பக்கத்தில் 'பஞ்ச் அடித்தது வாடிக்கையாளர், கடைக்குப் பொறுப்பில்லை' என்று எழுதிவைத்தேன். என் புத்தி அப்படி. எதற்காக இப்படி அடிக்க விட்டாய் என்று நித்யாவைக் கேட்டேன். அவள் கோபப்படுவாள் என்று பார்த்தால், அந்த எழுத்தை விரலால் தடவிக்கொண்டே சிரித்தாள்.

"அவரு சொந்தம்னு நெனைக்கறதுல மட்டுந்தாங்கண்ணா பேரு அடிப்பாரு. என்ற சாமான்ல அடிச்சது இதுதான் மொதத் தாட்டி."

காணாமல் போன பெயர்

ஆடி மாதம் கந்தசாமி அண்ணன் என் கடைப்படி ஏறி வந்தார். கையில் அந்தக் கேபினட், பின்னால் லாரி வைத்திருக்கும் சிநேகிதர்கள் இரண்டு பேர், அதற்கும் பின்னால் நித்யா. ஊருக்கு வந்ததும் வழக்கம்போல் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார். கார்டு இருக்கிறது, வி.கே. இல்லை. அவர் ஊரில் இல்லாத சமயம் அதைத் திறந்தவன் நான் ஒருத்தன்தான். அது மகளும் ஒத்துக்கொண்ட விஷயம். நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். அதே மாடல், அதே கருப்பு, தகடு மட்டும் வழவழவென்று இருந்தது. நோட்டை எடுத்துச் சீரியல் நம்பரை ஒத்துப் பார்த்தேன். ஒத்துப்போகவில்லை. உண்மையிலேயே வேறு கார்டு. யாரையும் நம்பாமல் நான் எழுதிவைத்த நோட்டு, நாலு பேர் முன்னால் என்னையே காட்டிக்கொடுக்கப் பார்த்தது. சத்தமில்லாமல் மூடி வைத்தேன்.

என் வாடிக்கையில் பாதிப் பேர் லாரி வீட்டுப் பிள்ளைகள், போர்வெல் ரிக் வண்டி வீட்டுப் பிள்ளைகள். அப்பாக்கள் எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறார்கள். கார்டை மாற்றுகிறவன் என்று அதில் ஒரு வரி வந்துவிட்டால், நான் ஷட்டரை இறக்கிவிட்டு வேறு தொழில் பார்க்க வேண்டியதுதான். வெள்ளிக்கிழமைக்குள் அவருடைய கார்டு வர வேண்டும், வராவிட்டால் குரூப்பில் போடுவேன் என்று கந்தசாமி அண்ணன் நிதானமாகச் சொன்னார். சோதித்துப் பார்க்கப் பெட்டியை விட்டுப் போங்கள் என்றேன். மிச்சமிருப்பதையும் மாற்றவா என்று கேட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை.

"என்ற பேர ராவி எடுத்திருந்தாக்கூட எவனோ திருடன்னு இருந்திருப்பனுங்க. எழுதவே இல்லாத மாதிரி இருக்குது பாருங்க, அதுதான் எனக்கு இடிக்குது."

பீரோவுக்குள்

நான் மாற்றவில்லை. அவர் ஊரிலேயே இல்லை. மிச்சம் நித்யாதான். நல்ல கார்டை விற்றுவிட்டு எங்கேயாவது செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறாள் என்று இரண்டு நாள் மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே இருந்தேன். புதன்கிழமை, அண்ணன் லாரியை ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கிறார் என்று தெரிந்துகொண்டு வெண்ணந்தூருக்கு வண்டியை எடுத்தேன். அவள் அம்மா கதவைத் திறந்து, மோர் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். நான் வாயைத் திறப்பதற்குள் நித்யா பீரோவைத் திறந்து, ஒரு பழைய துப்பட்டாவில் சுற்றின பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். வி.கே.

வைகாசியில் ஒருநாள் திரை கருத்துப்போனது. சேலத்தில் ஒரு சர்வீஸ் கடையில் காட்டியிருக்கிறாள். 'கே' என்ற எழுத்துக்கு நேர் அடியில் போர்டு விரிசல் விட்டிருக்கிறது, சுத்தியல் அடி பட்ட கார்டுக்கு வாரண்டியும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்குச் சொல்லவில்லை. ஆறு மாதச் சம்பளத்தைப் போட்டு அதே மாடலில் புதிதாக வாங்கி, நான் கட்டும்போது பார்த்ததை வைத்து அவளே மாட்டியிருக்கிறாள். எழுத்து இல்லாததை அவர் கவனிக்க மாட்டார் என்று நினைத்தாளாம். அப்பாவைப் பற்றி அவளுக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது. இவ்வளவு செய்த பெண்ணைத்தான் இரண்டு நாளாகத் திருடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

உண்மையைச் சொல்லிவிட்டால் என் கடை பிழைக்கும் என்று சொன்னேன். அது அவளுக்கும் தெரியும். அன்றைக்கு என் கடையில் எதுவும் பேசாமல் நின்றதை நினைத்து இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்றாள். முடிவை என் தலையில் போட்டுவிட்டாள்.

"நீங்க சொல்லுன்னா வெள்ளிக்கெழமை நானே சொல்லிப்போடறேண்ணா. ஆனா அப்பறம் அவரு பயந்துக்கிட்டு என்ற சாமான் ஒண்ணையும் தொட மாட்டாரு."

வெள்ளிக்கிழமை

சொல்லு என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை நாலு பேரும் வந்தார்கள், பெட்டியும் வந்தது. நித்யா முகத்தில் ரத்தமே இல்லை. வாயைத் திறக்கப் போனாள். என்ன நினைத்தேனோ தெரியவில்லை, நான் முந்திக்கொண்டேன். கார்டு வாரண்டிக்குள் கெட்டுப்போனது, கம்பெனிக்கு அனுப்பினேன், பழையதை வைத்துக்கொண்டு புதிது கொடுத்துவிட்டார்கள், நீங்கள் ராய்ப்பூரில் இருந்தீர்கள், சொல்லாமல் விட்டது என் தப்பு என்று ஒரே மூச்சில் சொன்னேன். வாழ்நாளில் ஒரு வாடிக்கையாளருக்காக நான் சொன்ன முதல் பொய் அது. எனக்காகச் சொன்னவற்றை இதில் சேர்க்கவில்லை.

சிநேகிதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருவர், அப்படியானால் லாபம்தானே, புதுசு வந்திருக்கிறது என்றார். கந்தசாமி அண்ணன் அந்தக் கார்டைக் கழற்றிக் கையில் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கொண்டுவந்திருந்த மஞ்சள் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். திறந்தால் எழுத்துப் பஞ்சுகள். அடுத்து பையிலிருந்து சுத்தியல் வெளியே வந்தது. கார்டை என் மேஜைமேல் வைத்து, 'வி' எழுத்தைத் தேடி எடுத்து, அதன் முதுகில் சரியாக நிறுத்தினார்.

நித்யா என் கையைப் பிடித்துவிட்டாள். அந்த ஆறு மாதச் சம்பளம் ஒரே அடியில் போகப்போகிறது. சொன்னால் பொய் உடைந்துபோகும், சொல்லாவிட்டால் கார்டு உடைந்துபோகும். அப்போதுதான் மேஜை ஓரத்தில் கேபினட் கண்ணில் பட்டது. ஒருபக்கக் கதவுதான் கண்ணாடி, மறுபக்கக் கதவு கெட்டி இரும்புத் தகடு. "அண்ணா, இருங்க" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். லாரி என்ஜினுக்கு நம்பரைக் கம்பெனியே போட்டுத் தருகிறான், அதேபோல் இந்தக் கார்டுக்கும் போட்டிருக்கிறான், பாருங்கள் என்று சீரியல் நம்பரைக் காட்டி, அவருடைய பாக்கெட் டைரியிலேயே எழுதிக்கொள்ளச் சொன்னேன். நாம் அடிக்க வேண்டியது பாடியில்தான், இதற்குப் பாடி கேபினட்தான் என்று சொல்லி, இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றித் தகட்டுக் கதவைத் தனியாகத் தரையில் போட்டேன். கார்டை எடுத்து நித்யாவிடம் கொடுத்தேன். அவள் அதைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அவர் தகட்டைத் தட்டிப் பார்த்தார். பிறகு தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தகட்டில் இரண்டு எழுத்தையும் அடித்தார். கீழ் வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று மாடிக்கு ஓடி வந்தார். சிநேகிதர்களில் ஒருவர் இந்த மாதிரி கேபினட் தன் வீட்டுக்கு என்ன விலை ஆகும் என்று விசாரித்தார். குரூப்பில் போடுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. எல்லாவற்றையும் பூட்டி, பெட்டியை நானே தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். நித்யா மேலே பணப்பையையும் வயரையும் எடுத்துக்கொண்டிருந்தாள். பெட்டியை வண்டி சீட்டில் வைத்து, கதவைச் சாத்தும் சாக்கில் கந்தசாமி அண்ணன் என் பக்கம் வந்தார். நான்கு நாளில் அவர் முகம் இறங்கிப் போயிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"கம்பெனிக்காரன் சும்மா மாத்திக் குடுக்கற ஆளில்லீங்க தம்பி. நான் சுத்தியல எடுத்ததுமே உங்க ரெண்டு பேரு மூஞ்சியும் பாத்தனுங்க, பழசு என்ற அடியிலதான் போயிருக்குது. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நித்யா அம்மிணிகிட்டச் சொல்லிப்போடாதீங்க, பாவம், சங்கடப்படும்."

ஆகவே, என்னோடு சேர்ந்து அவதிப்படுகிறவர்களே, கேபினட் வாங்கும்போது காற்று போகிறதா, கண்ணுக்கு அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு, வீட்டில் சந்தேகப்படுகிறவர் சுத்தியலால் அடிக்க ஒரு பக்கமாவது கெட்டித் தகடு இருக்கிறதா என்றும் தட்டிப் பார்த்து வாங்குங்கள்.